பேரையூர்ப் பக்கம் கிடாக்களின் அப்பன் பெயர் கேட்கப் போன கதை

இந்த வலைப்பூவில் இதுவரை நான் எழுதியதெல்லாம் கோயில், அருவி, மலை, நல்ல இட்லி கிடைக்கும் கடை. ஆடு இதுதான் முதல் தடவை. போன ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை, மதுரையிலிருந்து பேரையூர்ப் பக்கம் போய் வெள்ளாட்டுக் கிடாக்களின் தகப்பன்வழியை விசாரித்துவிட்டு வந்தேன். அன்றைக்குக் கேட்ட ஒரு கேள்வி கிளப்பிய வம்பு மாசியில்தான் அடங்கியது. அதனால்தான் கட்டுரை இவ்வளவு தாமதம்.

போனதற்குக் காரணம் என் நாத்தனார் கயல். அவனியாபுரத்தில் எங்களோடுதான் இருக்கிறாள், கால்நடை மரபியலில் ஆராய்ச்சி செய்கிறாள். எங்கள் வீட்டில் முட்டைகூட வாசல் தாண்டி உள்ளே வராது. அதனால் என் மாமியார் உறவினர்களிடம் "கயல் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். எதில் டாக்டர் என்று யாராவது மேலே கேட்டால் காபி கலக்க எழுந்து போய்விடுவார்.

கயலின் வேலை, நம் பக்கத்து வெள்ளாடுகளில் எத்தனை தகப்பன்வழிகள் இருக்கின்றன என்று பார்ப்பது. ஆணிடம் மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோம் அப்பனிடமிருந்து மகனுக்கு அநேகமாக மாறாமல் போகிறது. அதைப் படித்தால் கிடாவின் அப்பன், அந்த அப்பனின் அப்பன் என்று பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கலாம். எனவே அவளுக்குக் கிடாவின் ரத்தம்தான் வேண்டும், பெட்டை உதவாது. ஒரே அப்பனுக்குப் பிறந்த இரண்டு கிடாக்களும் உதவா, இரண்டும் ஒன்றுதான். முதலில் திருமங்கலம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் போய் எடுத்தாள். அப்பன் யார் என்று கேட்டதற்கு அத்தனை வியாபாரிகளும் ராஜஸ்தான் என்றார்கள். பேராசிரியர் அந்த மாதிரிகளை மொத்தமாக ஒதுக்கிவிட்டார். வளர்த்தவர்களிடமே கேட்டு எடுத்து வராவிட்டால் படிப்பு இன்னும் ஒரு வருடம் இழுக்கும். மாமியாரும் இன்னும் ஒரு வருடம் காபி கலக்க வேண்டும்.

"நீங்களும் வாங்க அண்ணி. எனக்கு ஊசி போடத்தான் வரும். ஊர்க்காரங்ககிட்டப் பேச உங்களுக்குத்தான் வரும்," என்றாள் கயல். நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கட்டணப் பிரிவில் இருக்கிறேன். தினமும் பெற்றோர்களிடம் பேசுகிற அனுபவம் உண்டு. ஆட்டை மட்டும் அதுவரை தொட்டதில்லை.

காருக்கு டீசல் உட்பட மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் பேசியிருந்தோம். ஓட்டியவர் பாண்டி அண்ணன். எங்கள் தெருவிலேயே குடியிருப்பவர், கார் அவருடைய சொந்தக் கார், உள்ளே ஊதுபத்தி மணக்கும். குளிர்ப்பெட்டியைப் பார்த்து ஐஸ்கிரீமா என்றார். ரத்தம் எடுத்து வைக்க என்றதும் இன்னொரு ஊதுபத்தியைக் கொளுத்தினார். காலை ஆறரைக்குக் கிளம்பி, திருமங்கலத்தில் பொங்கலும் வடையும் சாப்பிட்டு, டி.கல்லுப்பட்டி வழியாகப் பேரையூரைத் தொட்டபோது மணி எட்டரை. ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். சாலை நன்றாகவே இருக்கிறது. கல்லுப்பட்டி தாண்டியதும் இரண்டு பக்கமும் மக்காச்சோளமும் பருத்தியும், நடுநடுவே கருவேலங்காடும்தான்.

பேரையூரிலிருந்து உள்ளே பிரிந்த சாலையில் முதல் ஊர். ஊர்ப் பெயர்களை எழுத வேண்டாம் என்று கயல் கேட்டுக்கொண்டாள். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முதல் வீட்டில் கிடாவைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றார். கயல் ஊசியைத் தயார் செய்தாள். நான் ரத்தக்குழாயில் ஒட்டும் சீட்டில் எழுதத் தயாராகி, மிக மரியாதையாகக் கேட்டேன்: "இதோட அப்பா யாருங்க?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எதுக்கு, பொண்ணு குடுக்கப் போறீகளா?"

பக்கத்து வீட்டில் இரண்டு பேர் சிரித்ததில் தெரு முழுக்க விஷயம் பரவியது. மதுரையிலிருந்து டாக்டரம்மா வந்திருக்கிறார் என்று ஒரு சினை பிடிக்காத மாடு வந்தது. கழுத்து சாய்ந்த சேவல் ஒன்று வந்தது. ஒரு பெரியவர் தன் முழங்காலைக் கொண்டுவந்தார். கயல், தான் அந்த டாக்டர் இல்லை, இது ஆராய்ச்சி என்று விளக்கினாள். அவர் விடவில்லை. "ஆட்டுக்குக் குடுக்குற மாத்திரையே குடுங்க தாயி, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்," என்றார். அவரைப் பேரையூர் அரசு மருத்துவமனைக்குப் போகும்படி நான் சொன்னேன். அங்கேதான் ஆறு மாதமாகப் போகிறாராம்.

கேள்விக்கான பதில் மட்டும் எல்லா வீட்டிலும் ஒன்றாகவே இருந்தது. சுல்தான். அந்த ஊரில் கேட்டாலும் சுல்தான், அடுத்த ஊரில் கேட்டாலும் சுல்தான். பக்கத்து ஊரில் பெரியசாமி என்பவர் வைத்திருக்கும் உயர்ந்த கிடா அது. சுற்றுவட்டாரத்தில் பெட்டைகளை அங்கேதான் ஓட்டிக்கொண்டு போவார்களாம். சுல்தான் மகன் என்றால் சந்தையில் தனி மவுசு. மூன்று ஊர் முடித்து, மதியம் ஒரு புளியமரத்தடியில் கார் நின்றபோது கயல் பெட்டியைத் திறந்து பார்த்தாள். "இத்தனை குழாயும் சேந்து ஒரே ஒரு கிடாதான் அண்ணி," என்றாள். அழுதுவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. தயிர்ச்சாதத்தைப் பிரித்துக் கையில் கொடுத்தேன்.

எப்படியும் சுல்தானைப் பார்க்காமல் திரும்ப முடியாது. பெரியசாமியின் ஊருக்குப் போனோம்.

சுல்தானுக்குத் தகரக் கொட்டகை, உள்ளே மின்விசிறி, வெளியே பெயர்ப்பலகை. உடம்பு முழுக்க ஒரே செம்பழுப்பு, ஒரு புள்ளி வெள்ளை கிடையாது. பெரியசாமிக்கு நாற்பது வயது இருக்கும். எங்களுக்கு நாற்காலி போட்டுவிட்டு அவர் நின்றுகொண்டே இருந்தார். "ராஜஸ்தான்ல இருந்து வந்த வம்சம் இது. சர்டிபிகேட் மாதிரி ஏதாச்சும் தருவீகளா?" என்றார். தர மாட்டோம் என்றாள் கயல். பரவாயில்லை என்று ஊசி குத்தும்போது பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் ஓர் இளங்கிடாவை இழுத்துக்கொண்டு தவசி வந்தார். பெரியசாமியின் மனைவி செல்விக்கு உடன்பிறந்த அண்ணன், எதிர்த்தெருவில் வீடு. "இதுக்கும் எடுங்கம்மா," என்றார். நானும் காலையிலிருந்து பழகிய வாயோடு கேட்டுவிட்டேன்: "அப்பா யாருங்க?"

தவசி எனக்குப் பதில் சொல்லவில்லை. பெரியசாமியைப் பார்த்தார். "அதை எங்க மாப்ளகிட்டயே கேளுங்க. அவர்தான வித்தாரு."

"சுல்தான்தான். எம்புட்டு தடவ சொல்றது மச்சான்?"

"அப்ப இந்த மூஞ்சி வெள்ளை எங்கிட்டிருந்து வந்துச்சு?"

கிடாவின் நெற்றியிலிருந்து மூக்கு வரை பால் ஊற்றியதுபோல் ஒரு வெள்ளைப் பட்டை இருந்தது. கூடியிருந்தவர்கள் மெல்ல வேறு பக்கம் பார்த்தார்கள். யாரோ பின்னாலிருந்து "மைனரு" என்றார்கள்.

மைனர் என்பது கோயில் கிடா. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போன ஒரு குடும்பம், சாமிக்கு நேர்ந்து குட்டியாக விட்டுப்போனது. சாமி ஆடு என்பதால் கட்ட முடியாது, அடிக்க முடியாது. சுற்றியுள்ள ஐந்து ஊரும் அதற்குச் சொந்தம். யார் சோளக்காட்டிலும் மேயும், யார் வீட்டுப் பெட்டையையும் தேடிப் போகும். அதன் முகத்தில் அதே வெள்ளைப் பட்டை. காலையிலிருந்து நாங்கள் பார்த்த கிடாக்களில் பாதிக்கு அந்தப் பட்டை இருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கயலும் என்னைப் பார்த்தாள். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. இரண்டாவதாக ஓர் அப்பன் கிடைத்துவிட்டான்.

ஆனால் அங்கே பேச்சு தடித்துவிட்டது. சுல்தான் மகன் என்று நல்ல விலை வாங்கிக்கொண்டு மைனர் மகனைத் தலையில் கட்டிவிட்டதாகத் தவசி சொன்னார். தன் வீட்டுக்குள் மைனர் கால் வைத்ததே இல்லை என்று பெரியசாமி சொன்னார். செல்வி அடுப்படியிலிருந்து வெளியே வந்து என்னிடம் திரும்பினார். அவருக்கு நாங்கள் இருவருமே டாக்டரம்மாதான்.

"டாக்டரம்மா, நாலு மாசமா இவுக ரெண்டு பேரும் உள்ளுக்குள்ள வச்சிருந்தது. இன்னைக்கு நீங்க கேட்டீக, சபைக்கு வந்துருச்சு. மாசி சிவராத்திரிக்கு மறுநா எம் மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடி வேணும். இருக்கிறது ஒரே அண்ணன்."

"அப்பன் யாருன்னு தெரியாம நான் அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்," என்றார் தவசி.

"கேட்டுக்கிட்டீகளா? நீங்களே முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க," என்றார் செல்வி என்னிடம். கேள்வி கேட்டது நான்தானே.

கயல் பொறுமையாகச் சொன்னாள். முகத்து வெள்ளையை வைத்து எதுவும் சொல்ல முடியாது, அது தாய்வழியாகவும் வரலாம். சுல்தான், மைனர், தவசியின் கிடா, மூன்றையும் சோதித்தால் தகப்பன்வழி தெரியும், அதற்குச் சில மாதம் ஆகும். எல்லோரும் சரி என்றார்கள். அப்புறம்தான் மைனரிடம் ரத்தம் எடுப்பது யார் என்ற கேள்வி வந்தது. பூசாரிக்கு ஆள் போயிற்று.

பூசாரி சைக்கிளில் வந்தார். ஒல்லியான மனிதர், அவசரமே இல்லாதவர். "சாமிக்குன்னு விட்டத முன்னாடியே குத்தி ரத்தம் எடுத்தா அது பழுது. நான் ஒத்துக்க மாட்டேன்," என்றார்.

கயல் யோசித்துவிட்டு, வேரோடு பிடுங்கிய முடி இருந்தால்கூடப் போதும் என்றாள்.

பூசாரியின் முகம் மலர்ந்தது. "முடியா? முடி குடுக்குறது நம்ம வழக்கம்தானம்மா. மைனரு சாமிக்கு முடி குடுக்கிறான்னு எடுத்துக்கிருவோம். தாராளமா எடுங்க."

முடியை எடுக்க மைனரைப் பிடிக்க வேண்டும். ஆறு ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சோளக்காட்டுக்குள் இறங்கினார்கள். முதல் நாள் மழைக்குக் கரிசல் மண் செருப்பைப் பிடித்து இழுத்தது. முக்கால் மணி நேரம் காட்டுக்குள்ளிருந்து சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. கிடா வரவில்லை. இரண்டு பேர் செருப்பைத் தேடிக்கொண்டு திரும்பினார்கள்.

இதற்குள் பாண்டி அண்ணன் காரின் பின்கதவைத் திறந்து போட்டுவிட்டு முன்சீட்டில் தூங்கிப்போயிருந்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கிடா வாடை என்று ஒன்று உண்டு. பருவத்தில் இருக்கும் கிடாக்கள் எல்லாவற்றின் மேலும் அந்த நாற்றத்தை விட்டுவிட்டுப் போகும். ஊசி குத்துமுன் மூன்று ஊர்க் கிடாக்களைத் துடைத்த சாக்குகள் பின்சீட்டில்தான் கிடந்தன. அவருடைய ஊதுபத்தி காலையிலேயே தோற்றுவிட்டது.

அந்த வாடைதான் மைனரை அழைத்து வந்தது. தன் எல்லைக்குள் இத்தனை புதுக் கிடாக்கள் ஒரே பெட்டிக்குள் வந்திருப்பதாக நினைத்திருக்க வேண்டும். கோயில் பக்கத்திலிருந்து நிதானமாக நடந்து வந்தது. என்ன உயரம், என்ன தாடி. சண்டைக்குத் தலையைத் தாழ்த்திக்கொண்டு நேராகக் காருக்குள் ஏறியது. செல்விதான் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே பாண்டி அண்ணன் இருந்தது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சாத்தியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

பாண்டி அண்ணன் கண் விழித்தபோது, அவர் தோளுக்கு மேலே ஒரு தாடி தொங்கியது. அவர் கத்தவில்லை. மிக மெதுவாக, "யக்கா, பின்னாடி யாரோ ஏறியிருக்காக," என்றார். அடுத்த நிமிடம் மைனர் எதிர்க் கண்ணாடியில் இன்னொரு கிடாவைப் பார்த்து முட்ட, சீட்டின் தலைப்பகுதி கொம்பில் மாட்டிக் கிழிந்தது. கொம்பு சிக்கியதில் கிடா ஒரு கணம் நின்றது. பூசாரி இறக்கியிருந்த ஜன்னல் வழியாகக் கையை விட்டு, "சாமி, ஏத்துக்க," என்று சொல்லி முதுகில் ஒரு கொத்துப் பிடுங்கினார். கயல் உறையை நீட்டினாள். செல்வி கதவைத் திறந்துவிட, முன்கதவு வழியாகப் பாண்டி அண்ணனும் பின்கதவு வழியாக மைனரும் ஒரே நேரத்தில் இறங்கினார்கள். மைனர்தான் நிதானமாக இறங்கியது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மாமியார் எங்கள் இருவரையும் பின்பக்கக் குழாயடியிலேயே நிறுத்திவிட்டார். இரண்டு சோப்பு போட்டும் என் கைப்பையிலிருந்து வாடை போக ஒரு வாரம் ஆயிற்று. கிழிந்த சீட்டைத் தைத்துத் தருகிறோம் என்றோம். பாண்டி அண்ணன் வேண்டாம் என்றுவிட்டார். சாமி உட்கார்ந்த சீட்டாம். அதன்மேல் இன்றைக்கும் விபூதி பூசியிருக்கிறார்.

தை பிறந்து சோதனை முடிவு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கயல் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கே வந்தாள்.

"அண்ணி, சுல்தானும் மைனரும் ஒரே வழி. வித்தியாசமே இல்ல."

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. தவசியின் கிடா சுல்தான் வழியா என்றால் ஆமாம். மைனர் வழியா என்றால் அதுவும் ஆமாம். ராஜஸ்தான் வம்சமும் சோளக்காட்டு வம்சமும் என்றைக்கோ ஒரே தகப்பனிடமிருந்து கிளைத்தவை. அன்று எடுத்த அத்தனை கிடாக்களும் அப்படித்தான். தாய்வழியைப் பார்த்தால் பலவிதமாகக் கலந்திருந்தது. தகப்பன்வழி மட்டும் ஒன்றே ஒன்று.

போனில் சொல்லிவிடலாமா என்று யோசித்தோம். யாருக்காவது ஒருவருக்குச் சாதகமாகச் சொல்லிக் காதுகுத்தை நடத்திவிட்டால் என்ன என்றுகூட நான் கேட்டேன். கயல் என்னை முறைத்தாள். அடுத்த சனிக்கிழமை பாண்டி அண்ணனோடு மறுபடியும் போனோம்.

பெரியசாமி வீட்டு முற்றத்தில் ஒரு பக்கம் அவர், வாசலுக்கு வெளியே தெருவில் தவசி, நடுவில் செல்வி. குரோமோசோம் என்று கயல் ஆரம்பித்தாள். யாருக்கும் ஒன்றும் ஏறவில்லை. நான் குறுக்கிட்டேன். "ரெண்டும் பங்காளிங்க," என்றேன்.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. ஒரே பாட்டன் வழி ஆண்கள். அந்த ஊரில் அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கூட்டத்தில் ஒருவர், "அப்ப சுல்தானுக்கு மைனரு சித்தப்பனா, பெரியப்பனா?" என்று கேட்டார். பெரியசாமி பெயர்ப்பலகையைத் திரும்பிப் பார்த்தார். மின்விசிறி போட்டு வளர்த்த கிடா, தெருவில் திரியும் கிடாவுக்குப் பங்காளி என்பதை அவரால் உடனே விழுங்க முடியவில்லை.

"யாரு பெத்ததுன்னு உறுதியாத் தெரியணும்னா வேற சோதனை இருக்கு. செய்யவா?" என்றாள் கயல்.

"வேணாம். பெறகு அதுக்கு ஒரு நாலு மாசமா? வம்சம் ஒண்ணுன்னு ஆயிருச்சு, அம்புட்டுத்தான்," என்றார் செல்வி. பிறகு தெருவைப் பார்த்து, "அண்ணே, காது குத்துக்கு வாரீகளா, இல்ல நான் மடிக்கு வேற ஆள் பாக்கவா?"

தவசி துண்டை உதறித் தோளில் போட்டார். "வாரேன். சீரோட வாரேன்," என்றார். வாசல் மட்டும் ஏறவில்லை.

காதுகுத்துக்கு எங்களுக்கும் பத்திரிகை வந்தது. சைவச் சாப்பாடு தனியாக உண்டு என்று செல்வி போனில் இரண்டு தடவை சொன்னார். கோயில் திடலில் பந்தல். பதினொரு மணிக்கு மேளத்தோடு தாய்மாமன் சீர் வந்தது. பழத்தட்டு, பட்டுப்பாவாடை, தங்கத்தோடு, பித்தளை அண்டா. எல்லாவற்றுக்கும் முன்னால் கழுத்தில் மாலை, கொம்பில் பூச்சுற்றி, நெற்றியில் வெள்ளைப் பட்டையோடு அந்தக் கிடா. கயிறு தவசியின் கையில்.

தாய்மாமன் சீரை வேண்டாம் என்று சொல்ல எந்தத் தகப்பனாலும் முடியாது. பெரியசாமி எழுந்து நின்று இரண்டு கையாலும் கயிற்றை வாங்கினார். "சுல்தான் மகன் மாப்ள. நல்லாப் பாத்துக்கங்க," என்றார் தவசி. பந்தலே சிரித்தது. பெரியசாமி முதலில் சிரிக்கவில்லை. குழந்தை மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்தும்போது அலறியதும், அவர்தான் முதலில் ஓடிவந்து தவசியின் தோளைப் பிடித்துக்கொண்டார். அப்படியே நின்றார். கயல் கைக்குட்டையை எடுத்தாள். தூசி என்றாள்.

மைனர் பந்தலுக்குப் பின்னால் வாழையிலை தின்றுகொண்டிருந்தது. நேர்ந்துவிட்ட குடும்பத்துக்குத் திருப்பூரில் லீவு கிடைக்கவில்லையாம். இன்னும் ஒரு வருடம் இருக்கட்டும் என்று பூசாரி பூப்போட்டுக் கேட்டுச் சொல்லிவிட்டார். அதையும் பெரியசாமி கவலையோடுதான் கேட்டுக்கொண்டார்.

திரும்பும் வழியில் கயல் சொன்னதைத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நல்ல கிடா என்று எல்லோரும் ஒன்றையே தேடிப் போனால், கடைசியில் ஊர் முழுக்க ஒரே தகப்பன்வழி ஆகிவிடும். ஒரு நோய் வந்தால் எல்லாம் சேர்ந்து படுத்துவிடும். தனித்தனி அப்பன் கிடைக்கவில்லை என்பதையே அவள் ஒரு தனி அத்தியாயமாக எழுதினாள். பேராசிரியர் இந்த முறை ஒதுக்கவில்லை. மாமியாரும் முந்தாநாள் வந்த ஓர் உறவுக்காரரிடம், "வெள்ளாட்டு வம்சம் பத்தி ஆராய்ச்சி பண்ணியிருக்கா," என்று உட்கார்ந்தபடியே சொன்னார்.

இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு: மாட்டுத்தாவணியிலிருந்து ராஜபாளையம் பஸ் ஏறி டி.கல்லுப்பட்டியில் இறங்கினால் பேரையூருக்கு டவுன் பஸ் உண்டு. உள்ளூர்களுக்குப் போக வேண்டுமானால் கார்தான் சரி. ஐப்பசி, கார்த்திகையில் பச்சையாக இருக்கும், ஆனால் கரிசல் மண்ணுக்கு வார் வைத்த செருப்பு அவசியம். சித்திரையில் போகாதீர்கள், நிழலே கிடையாது. சைவம் சாப்பிடுகிறவர்கள் கல்லுப்பட்டியிலேயே முடித்துக்கொள்வது நல்லது. ஆடு பார்க்க மட்டும் போகிறவர்களுக்குத் திருமங்கலம் சந்தை போதும், விடியற்காலையில் போய்விட வேண்டும். ஒரு வீட்டில் கிடாவுக்கு அப்பன் யார் என்று கேட்பதாக இருந்தால், முதலில் அந்த வீட்டு அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள். அதற்கும் முன்னால், காரை ஊருக்கு வெளியே போகும் பக்கமாகத் திருப்பி நிறுத்திக்கொள்ளுங்கள்.